கண்ணகையின் வழக்கைத் தள்ளுபடி செய்யாதீங்க

வைகாசி பிறந்தால் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். பல ஊர்களில் அது வருசத்துக்கு ஒருக்கால்தான். பௌர்ணமியை ஒட்டிய கொஞ்ச நாளில் கல்யாணக்கால் நட்டு, வழக்குரை படித்து, கடைசியாகக் குளிர்த்தி பாடிக் கதவைத் திரும்ப அடைப்பார்கள். காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, முதலைக்குடா, வந்தாறுமூலை என்று வாவியோரம் நெடுகிலும் அதற்குத் தெற்கிலும் இந்தச் சடங்கு நடக்கிறது. மற்றக் கோயில்களுக்குப் போகாத ஆக்களும் இதுக்குப் போவார்கள். கொழும்பில் வேலை செய்கிறவர் லீவு போட்டு வருவார்.

அந்தக் கதவைத் திறந்து அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

நாங்கள் சில பேர் வீடுகளில் கிடக்கிற பழைய சடங்கு நோட்டீஸ்களைச் சேர்த்து வருகிறோம். ஒரு ஊரின் நோட்டீஸ்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தோம் (ஊர்ப் பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்). பழசில் ‘கண்ணகை அம்மன் சடங்கு’ என்று இருக்கிறது. மறுகா ‘கண்ணகி அம்பாள் உற்சவம்’ ஆகிறது. இப்ப ‘ஸ்ரீ பரமேஸ்வரி அம்பாள் மஹோற்சவப் பெருவிழா’. கண்ணகையையே காணவில்லை. சடங்கு என்ற சொல்லும் போய்விட்டது. ஏனெண்டு கேட்டால், “சடங்கெண்டா பொம்பிளப் பிள்ளைக்குச் செய்யிறது, கோயில்ல நடக்கிறது உற்சவம்” என்கிறார்கள்.

பெயர் தனியாகப் போகாது. முதலில் கப்புகனார் வெளி மண்டபத்துக்கு வருவார், குருக்கள் உள்ளே போவார். சீலைத் திரைக்குப் பின்னால் இருந்த முகக்களை போய், நான்கு கையுள்ள சிலை வரும். ஒரு பக்கத்தில் நவக்கிரகம் வரும். ஏட்டைப் பார்த்து இரவிரவாகப் படித்த வழக்குரை, ‘நேரம் போதாது’ என்று இரண்டு மூன்று காதைக்குச் சுருங்கும். மிச்ச நேரத்துக்கு ஒலிபெருக்கியில் சினிமா மெட்டில் பக்திப் பாட்டுப் போகும். பொண்டுகள் போடுகிற குரவை மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. அதை எப்படித் தடுப்பதென்று பரிபாலன சபைக்குத் தெரியவில்லை போல.

இது மட்டக்களப்பில் புதிதாக யாரோ கண்டுபிடித்த வேலையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவத்தைத் துப்புரவாக்கப் புறப்பட்டபோது, கண்ணகியைக் கும்பிடுவதைக் கடுமையாகத் திட்டினார். சைவர்கள் போய்ச் சமணச் செட்டிப் பெண்ணை வணங்குவதா என்பது அவருடைய கோபம். அதற்குப் பிறகு வடக்கில் எத்தனையோ கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் மாறின. முல்லைத்தீவு வற்றாப்பளை போலச் சில இடங்களில்தான் அவள் தன் பெயரோடு நின்றாள். கிழக்கில் நாவலருடைய கை அவ்வளவு எட்டவில்லை. எங்கட ஊர்களில் அவள் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நூற்றைம்பது வருசம் கழித்து, ஒருவரும் கட்டாயப்படுத்தாமல், எங்கட காசைச் சேர்த்து, கும்பாபிஷேக மலர் அடித்து நாங்களே அந்த வேலையை முடித்துக் கொடுக்கிறோம்.

“பெயரில என்ன இருக்கு, எல்லாம் ஒரே சக்திதானே” என்பார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. பரமேஸ்வரி என்றால் பரமேஸ்வரனின் மனைவி. அவளுக்கு ஊரில்லை, வழக்குமில்லை, இழப்புமில்லை. கண்ணகைக்கு இது மூன்றும் இருக்கிறது. அதனால்தான் அவள் தெய்வமானாள்.

அவளுடைய கதையை ஒருக்கால் சட்ட மாணவர் போல வாசித்துப் பாருங்கள். மதுரையில் அரசியின் சிலம்பு காணாமல் போகிறது. களவெடுத்த பொற்கொல்லன், சிலம்பு விற்க வந்த ஊர் பேர் தெரியாத ஒருவனைக் காட்டிக் கொடுக்கிறான். அரசன் விசாரிக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அனுப்பிய காவலரில் ஒருவன் வெட்டி விடுகிறான். மறுகாதான் மனைவி வருகிறாள். வந்து அழுதுவிட்டுப் போகவில்லை. அரண்மனை வாசலில் நின்று உள்ளே விடச் சொல்கிறாள். உன்னுடைய சிலம்பின் பரல் என்ன என்று கேட்கிறாள். முத்து என்கிறான். தன்னுடையது மாணிக்கம் என்று சொல்லி உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. சாட்சியைக் கொண்டு வந்து, எதிராளியின் வாயாலேயே அவனுடைய சாட்சியைச் சொல்ல வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். தீ அதற்குப் பிறகுதான்.

எங்கட ஆக்கள் இந்தக் கதைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: கண்ணகி வழக்குரை. இளங்கோவின் காப்பியம் சிலம்பின் பெயரில் இருக்கிறது. கோயிலில் பாடுகிற எங்கட நூல் வழக்கின் பெயரில் இருக்கிறது. கப்பலேறிப் போய் வெடியரசனோடு மோதிச் சிலம்புக்கு நாகமணி கொண்டு வருகிற மீகாமன் கதை அதில் நீளமாக வரும், சிலப்பதிகாரத்தில் அது இல்லை. ஏடுகளாகக் கிடந்த இதை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்துத் தந்தார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்கித்தான் 1947இல் வெளிவந்த யாழ் நூலைக் கட்டினார். கண்ணகையைப் ‘படிக்காத சனத்தின் சிறுதெய்வம்’ என்று சொல்லுகிற படித்தவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

வழக்கு என்ற சொல் இந்த மண்ணில் லேசான சொல்லும் இல்லை. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டு வந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகப் போதும் என்று வைத்த சட்டம் அது. சுற்றிவளைப்பு என்றால் எங்கட அம்மாமாருக்கு முதலில் ஞாபகம் வருவது தலையாட்டி. முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருப்பான், சனம் வரிசையாக முன்னால் நடக்கும், அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் முடிந்தான். மதுரைப் பொற்கொல்லன் யாரென்று மட்டக்களப்புச் சனத்துக்கு யாரும் பதவுரை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

நாங்கள் படிக்கிற வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமாக இருந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து 158 பேரைப் பிரித்துக் கொண்டு போனது. ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆணைக்குழு விசாரித்தது, உறவினர் சாட்சி சொன்னார்கள், ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதே வந்தாறுமூலையில் ஒரு கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசியில் குளிர்த்தி நடக்கிறது. விசாரணை இல்லாமல் புருசனைக் கொன்றதற்கு அரசனிடம் கணக்குக் கேட்ட பொம்பிளையின் கதை, விசாரணை இல்லாமல் பிள்ளையைப் பறிகொடுத்த பொம்பிளைகளின் ஊரில் பாடப்படுகிறது. இதைவிடப் பொருத்தமான தெய்வத்தை எந்த ஆகமத்தில் தேடப் போகிறீர்கள்?

“கோயிலுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க” என்று ஒரு சாரார் சொல்லுவார்கள். கோயிலுக்குள் அது எப்பவோ வந்துவிட்டது, கொண்டு வந்தது நாங்களுமில்லை. பற்றீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990களில் மட்டக்களப்பில் இருந்து ஆய்வு செய்தார். கதைக்கவே பயந்த அந்தக் காலத்தில், காணாமல் போன பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சனம் போய்க் கேட்டது அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுகிறவர்களிடம்தான் என்று எழுதியிருக்கிறார். பொலிசில் முறைப்பாடு எடுக்க ஆளில்லை, பேப்பரில் போட ஆளில்லை. வாக்குச் சொல்லுகிற பொண்டுகளிடம்தான் அழ முடிந்தது. ஆடுகிறவளின் உடம்பில் அடியும் சூடும் தெரியும், பார்த்து நிற்கிற தாய்க்கு விசயம் விளங்கும். அந்த வாக்கு உண்மையா பொய்யா என்று எங்களைக் கேட்காதீங்க. அந்த நேரத்தில் நாட்டில் வேறு எந்த நீதிமன்றத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது என்பதுதான் எங்கட கேள்வி.

தெற்கிலும் இதே கதைதான். ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியதும் கந்தசுவாமி கோயிலின் முன்னால். மனிசரின் நீதி கைவிட்டால் தெய்வத்திடம் மனுக் கொடுக்கிறது இந்தத் தீவின் பொதுப் பழக்கம். ஆகமக்காரர் கண்ணகையிடமிருந்து எடுத்துப் போடுவது அந்த மனுவை.

எங்கட ஆக்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வழக்கு எண்டா எல்லா வழக்கும்தான். வந்தாறுமூலைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னர், 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். எங்கட மேடைகளில் முதல் வழக்கைப் பேசுகிறவர் இரண்டாவதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அங்கேயும் மாணிக்கப் பரலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பொம்பிளைகள் இருக்கிறார்கள். கண்ணகை தமிழருக்கு மட்டும் வழக்குப் பேசுகிறவள் என்றால் அவளும் ஒரு கட்சியின் சட்டத்தரணிதான். கதைப்படி பார்த்தாலும் அவள் கேள்வி கேட்டது தமிழ் அரசனிடம்.

இனிக் கற்புக்கு வருவோம். ஆகமக்காரர் அவளை மறைக்கிறார்கள் என்றால், தமிழ்ப் பண்பாட்டுக்காரர் அவளை வைத்துக்கொண்டே கெடுக்கிறார்கள். ‘கற்புக்கரசி’ என்று வளைவில் எழுதுகிறார்கள். அதே வளைவுக்குக் கீழே பெண்கள் என்ன உடுப்பில் வர வேண்டும் என்று ஒரு பலகை. ஆண்களுக்கு மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு வரி, பொண்டுகளுக்கு ஏழெட்டு வரி. பட்டிமன்றம் வைத்தால் தலைப்பு எப்பவும் கண்ணகியா மாதவியா. புருசன் இன்னொருத்தியிடம் போனபோது பொறுத்திருந்தாள், அதுதான் பெருமை என்று ஒரு ஆம்பிளைப் பேச்சாளர் அரை மணித்தியாலம் பேசுவார். சென்னை மெரீனாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டோடு அவளுக்குச் சிலை வைத்தார்கள், 2001 டிசம்பரில் ஓர் ஆட்சி எடுத்தது, 2006 ஜூனில் அடுத்த ஆட்சி திரும்ப வைத்தது. அந்த இழுபறியில் தமிழ்க் கற்பின் அடையாளம் என்ற பேச்சுத்தான் எங்கும் கேட்டது. கையில் சிலம்போடு நிற்கிற அந்தச் சிலை காட்டுவது நீதிமன்றக் காட்சி என்பது யாருடைய கண்ணிலும் படவில்லை.

இந்தக் கற்புப் பேச்சைக் கேட்டு வெறுத்துப்போய், கண்ணகியே வேண்டாம் என்று சொல்லுகிற தோழியர் எங்கட வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எங்களுக்கு விளங்குகிறது. சிலப்பதிகாரத்திலேயே மதுரையை எரிக்கும்போது யாரைத் தொடக் கூடாது என்று அவள் தீக்குச் சொல்லுகிற பட்டியலில் பார்ப்பார் முதலில் வருகிறார்கள். பத்தினிப் பெண்டிருக்கும் இடம் இருக்கிறது, மற்றப் பொம்பிளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பட்டியலில் எங்களில் எத்தனை பேர் தப்புவோம் என்று ஒருநாள் கன்ரீனில் இருந்து எண்ணிப் பார்த்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பொறுத்திருந்த மனைவியை மட்டும் கும்பிடுவதென்றால் எங்கட சனத்துக்குக் குளிர்த்தி தேவைப்பட்டிருக்காது. பொறுமையாக இருக்கிற ஒருத்தியை ஏன் குளிரப் பண்ண வேண்டும்? சூடு இருக்கிறதால்தான் நீரும் பாலும் வேப்பிலையும் கொண்டு போகிறார்கள். அந்தச் சூட்டுக்கு நியாயம் இருக்கிறது என்று ஊர் முழுக்க ஒத்துக்கொண்டு, நீ சொன்னது சரி, இனிக் கொஞ்சம் ஆறு தாயே என்று கெஞ்சுகிற சடங்கு அது. அம்மாள் வருத்தம் வந்தால் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவதும் இதே பயத்திலும் இதே மரியாதையிலும்தான். கோபப்பட்ட பொம்பிளைக்கு முன்னால் ஒரு ஊரே கைகட்டி நிற்கிற இடம் வேறெங்கே இருக்கிறது?

கொம்புமுறியையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். ஊரை வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரித்து, ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி என்று வளைந்த மரக்கொம்புகளைக் கொழுவி இழுப்பார்கள். மழை இல்லை, நோய் வந்துவிட்டது என்றால் நடக்கிற விளையாட்டு. புருசனுக்கும் மனைவிக்கும் இடையில் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது, அதை ஊர் கூடி இழுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்த சனம் அது. அவர்களிடம் போய்க் கற்புக்கரசி வளைவு கட்டினால் சிரித்திருப்பார்கள்.

சிங்களக் கிராமங்களிலும் இதே விளையாட்டு அங்கெலிய என்ற பெயரில் இருந்தது. அங்கே அவள் பத்தினித் தெய்யோ. கணநாத் ஒபேசேகர 1984இல் பத்தினி வழிபாடு பற்றி எழுதிய பெரிய புத்தகம் கிழக்கின் கோயில்களையும் பேசுகிறது. எங்கட கப்புகனாரும் அவர்களுடைய கபுறாளையும் சொல்லிலேயே சொந்தக்காரர். இதைச் சொன்னால் பெரியவர்கள் பதறுகிறார்கள்: “பத்தினி எண்டு வாயத் திறந்தா நாளைக்கு வந்து விகாரை கட்டுவாங்கள்.” அந்தப் பயத்தை நாங்கள் பகிடி பண்ணவில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி ஒரு செயலணி போட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. பயம் சும்மா வந்ததில்லை. ஆனால் அதுக்கு மருந்து பரமேஸ்வரியா? எங்கட ஏட்டையும் எங்கட கப்புகனாரையும் எங்கட பாட்டையும் நாங்களே தூக்கி எறிந்துவிட்டால், நாளைக்கு ஒருவர் வந்து இது உங்கடதா என்று கேட்கும்போது எதைக் காட்டப் போகிறோம், போன வருசம் வாங்கின நவக்கிரகச் சிலையையா?

பழைய சடங்கு முழுக்கப் பொன் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று வண்ணக்கர்மார் பொலிசுக்குப் போன கதைகள் உண்டு. இரவிரவாகப் பறை அடிக்கிறவர் இன்றைக்கும் பல ஊர்களில் வாசலோடு நிற்க வேண்டும். மாதவிடாய் என்றால் பெட்டைக்குக் கோயில் தூரம். சந்நிதிக்குள் போகிற கப்புகனாரும் ஆம்பிளைதான். ஆகமம் வந்து இதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை, மேலும் ஒரு சாதியை உச்சியில் கொண்டு வந்து வைத்தது. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் கத்துகிறபோது இந்தப் பட்டியலையும் சேர்த்துத்தான் கத்துகிறோம். சில பெரியவர்களுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுகிறது.

வருகிற வைகாசிக்கு எங்கட பரிபாலன சபைகளிடம் நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. நோட்டீசில் அவளுடைய பெயரைப் போடுங்கள். வழக்குரையை வெட்டாமல் முழுக்கப் படியுங்கள். கும்பாபிஷேகத்துக்கு இலட்சக் கணக்கில் சேர்க்கத் தெரிந்த எங்களுக்கு ஒரு கிழவருக்கு இரண்டு மூன்று இரவு சுடுதண்ணியும் ஒரு நல்ல மைக்கும் கொடுக்க முடியாதா? அந்த ஏட்டைப் பொண்டுகளுக்கும் பழக்குங்கள். பொம்பிளை பேசின வழக்கைப் பொம்பிளை வாயால் படிக்கக் கூடாது என்று எந்தப் பத்ததியில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.

வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேலை கேட்கிறோம். உங்கட ஊரில் வழக்குரையை இராகத்தோடு முழுக்கப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் மிச்சம் என்று போய் எண்ணுங்கள். எங்கட ஊர் ஒன்றில் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்யுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள். குளிர்த்திப் பாட்டு எல்லாரிடமும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அவள் அரண்மனை வாசலுக்குப் போகிற இடத்திலிருந்து சிலம்பை உடைக்கிற இடம் வரைக்கும்.